இல்லத்து நிகழ்ச்சிகளில் எம்பெருமானைப் பாடிய பெரியாழ்வார்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திவ்யதேசங்களில் எந்தத் திருநாளாயினும் ஸேவாகாலம் தொடங்கும்போது முதலில் செவியில் விழுவது திருப்பல்லாண்டு. வேதம் ஓதத் தொடங்குகையில் ப்ரணவம் எவ்வாறோ, அவ்வாறே நாலாயிர திவ்யப்ரபந்தத்திற்குத் திருப்பல்லாண்டு என்று பூர்வாசார்யர்கள் அருளிச் செய்தனர். இத்தகைய ஏற்றம் பெற்ற பாசுரங்களை அருளியவர் அரசவையில் வளர்ந்த புலவரல்லர்; மண்வெட்டி பிடித்து நந்தவனம் வளர்த்த ஒரு பூந்தோட்டக் கைங்கர்யபரர். அவர் தம் திருமொழிக்குப் பொருள் தேடி எங்கும் அலையவில்லை. குழந்தையைத் தொட்டிலிடுவது, எண்ணெய் தேய்த்து நீராட்டுவது, காது குத்துவது, காக்கையையும் சந்திரனையும் காட்டி அழுகையை ஆற்றுவது ஆகிய வீட்டுக் காரியங்களே அவருக்குப் பாட்டின் பொருளாயின. பெரியாழ்வார் என்னும் அம்மஹானுடைய வைபவத்தைச் சிந்திப்பார்க்கு அவருடைய கவி எங்கிருந்து பிறந்தது என்பது தானே விளங்கும்.

நந்தவனக் கைங்கர்யம்

பாண்டிய நாட்டில் வடபத்ரசாயி எம்பெருமான் கண்வளர்ந்தருளும் ஸ்ரீவில்லிபுத்தூரில், முகுந்தபட்டர் என்னும் அந்தணர்க்கும் பதுமவல்லியார்க்கும் திருக்குமாரராக, ஆனி மாதம் ஸ்வாதி நக்ஷத்ரத்தில், பெரிய திருவடியாகிய கருடாழ்வாரின் அம்சமாக ஆழ்வார் திருவவதரித்தார். அவர்க்கு விஷ்ணுசித்தர் என்று திருநாமம் சாத்தினர். பட்டர்பிரான் என்னும் திருநாமமும் அவர்க்கு உண்டு. ஆராய்ச்சியாளர் அவர் வாழ்ந்த காலத்தைப் பொதுவாகக் கி.பி. 8-ஆம் நூற்றாண்டு அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பர்.

பிராயம் வந்தபோது எம்பெருமானுக்கு எந்தக் கைங்கர்யம் உகப்பாகும் என்று விஷ்ணுசித்தர் ஆராய்ந்தார். கம்ஸனுடைய வில்விழாவிற்காக மதுரைமாநகர் புகுந்த கண்ணனும் பலராமனும் மாலாகாரர் என்னும் பூக்கட்டுபவருடைய இல்லத்தைத் தேடிச் சென்று மாலை வேண்டினர் என்பதும், அவர் அகமகிழ்ந்து நல்ல பூக்களையெல்லாம் அவர்கட்கே ஸமர்ப்பித்தார் என்பதும் புராண ப்ரஸித்தம். அவ்வரலாற்றை நினைந்த விஷ்ணுசித்தர், எம்பெருமான் தானே வந்து கேட்டுப் பெற்றது பூமாலையன்றோ என்று தெளிந்து, ஒரு நந்தவனம் அமைத்து நாள்தோறும் மாலை கட்டி வடபத்ரசாயிக்குச் சாத்தி வந்தார்.

நந்தவனக் கைங்கர்யம் பார்வைக்கு எளிது, செய்வதற்கு அரிது. கோடையில் நீர் இறைத்தாக வேண்டும். மழையில் பாத்தி கரையாமல் காக்க வேண்டும். அரும்பு மலரும் பொழுதறிந்து கொய்ய வேண்டும். ஒரு நாள் அயர்ந்தால் அன்றைய மாலை இல்லை. மாலை கட்டுகிறவன் கை நாரில் இருந்தாலும், அதைச் சூடப்போகும் திருமேனியிலேயே நெஞ்சம் இருக்கும். இந்தத் தண்டு திருத்தோளில் உறுத்துமோ, இந்தப் பூ வாடிவிடுமோ என்று அவன் கவலைப்படுவது இயல்பு. எம்பெருமானுக்கு ஒரு குறையும் வாராமல் பார்க்க வேண்டும் என்னும் பரிவு விஷ்ணுசித்தர்க்கு இந்த அன்றாடத் தொழிலிலேயே ஊறிற்று.

மன்னனின் கேள்வி

அக்காலத்தில் மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டியன் ஆண்டான். ஓர் இரவு நகர்சோதனைக்குச் சென்றவன், ஒரு திண்ணையில் படுத்திருந்த யாத்ரிகரான அந்தணரை எழுப்பி, தனக்கு நன்மையான வார்த்தை ஒன்று சொல்லும்படி வேண்டினான். மழைக்காலத்திற்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்று அவர் கூறினார். எந்தக் குடியானவனும் அறிந்த செய்திதான் அது. ஆயினும் அரசனை அது உறங்கவிடவில்லை. முதல் மூன்றுக்கும் தன்னிடம் குறைவில்லை. நான்காவதற்குத் தான் ஒன்றும் தேடவில்லையே என்று கலங்கினான்.

அவனுடைய புரோகிதர் திருக்கோட்டியூர்ச் செல்வநம்பி. மறுமைக்குப் பற்றத் தக்க பரதெய்வம் எது என்று வித்வான்களைக் கூட்டி நிர்ணயம் செய்யலாம் என்று அவர் கூற, அரசன் பொன்னைக் கிழியாகக் கட்டி மண்டபத்தில் தொங்கவிடுவித்தான். வேதப்ரமாணத்தால் பரதத்வத்தை நிரூபிப்பவர்க்கு அக்கிழி பரிசாகும் என்று பறையறைந்தனர்.

வடபத்ரசாயி விஷ்ணுசித்தருடைய கனவில் தோன்றி, மதுரை சென்று அக்கிழியை அறுத்துவருமாறு நியமித்தான். விஷ்ணுசித்தர் நடுங்கினார். சாஸ்த்ரம் கற்றார் கூடும் ஸபையில், கொத்துப் பிடித்துக் காய்த்த கையின் தழும்பைக் காட்டியா கிழியைப் பெறுவது என்று அவர் விண்ணப்பித்ததாகக் குருபரம்பரை கூறும். அது உமக்குப் பாரமன்று, யாமே செய்விப்போம் என்பது எம்பெருமானுடைய மறுமொழி.

மதுரை ஸபையில் வித்வான்கள் பலர் அவரைக் கண்டு ஏளனமாக எண்ணினர். செல்வநம்பியும் அரசனும் அவரை எதிர்கொண்டு வணங்கினர். எம்பெருமானுடைய க்ருபையால் வேதவேதாந்தப் பொருள்கள் யாவும் அவர்க்கு விளங்கின. ஸ்ரீமந்நாராயணனே பரதத்வம் என்று ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். கட்டியிருந்த கிழி தானே அவர் முன் வளைந்து தாழ்ந்தது.

யானைமணியே தாளமாக

அரசன் விஷ்ணுசித்தரைப் பட்டத்து யானையின்மேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். வேறொருவராயின் அந்த வேளையில் தம் வெற்றியை எண்ணி இறுமாந்திருப்பர். விஷ்ணுசித்தர் அவ்வாறு இருக்கவில்லை. மகனுடைய சிறப்பைக் காணத் தாய்தந்தையர் வருமாப்போலே எம்பெருமான் பிராட்டியோடு கருடாரூடனாய் வானில் காட்சி தந்தான். அதைக் கண்ட ஆழ்வார்க்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு அச்சம் வந்தது. காலம் நடையாடும் இவ்வுலகில், பல்லோர் கண்படும் இடத்தில், இப்பேரழகு வெளிப்பட்டு நிற்கிறதே. இதற்கு என்ன தீங்கு விளையுமோ, எவர் கண்ணேறு படுமோ என்று உள்ளம் பதறிற்று.

குழந்தையை அலங்கரித்து வெளியே எடுத்துவந்த தாய்க்கு உண்டாகும் பதற்றம் அது. அத்தாய் அக்கணமே கண்ணேறு கழிக்க எது கிடைக்கும் என்று தேடுவாள்; ஆழ்வாரும் அப்படியே கையில் எது அகப்படும் என்று பார்த்தார். யானையின் இருபுறமும் தொங்கிய மணிகள் கண்ணில் பட்டன. அவற்றையே தாளமாகக் கொண்டு, எம்பெருமான் பல்லாண்டு வாழ வேண்டும் என்று மங்களாசாஸனம் செய்தார். அதுவே 12 பாசுரங்களைக் கொண்ட திருப்பல்லாண்டு. உலகைக் காப்பவனுக்கு ஒரு மானிடன் காப்பிடுவதா என்னும் ஐயத்திற்கு வ்யாக்யாதாக்கள் ஸமாதானம் அருளியுள்ளனர். அன்பு மேலிட்டபோது, அவன் ரக்ஷகன் என்னும் அறிவு பின்னிடும்; அவனுடைய மென்மையே கண்ணுக்குத் தோன்றும் என்பர். மற்ற ஆழ்வார்களும் மங்களாசாஸனம் செய்தவர்களேயாயினும், அதுவே தொழிலாக இவர் இருந்தமையால் பெரியாழ்வார் என்னும் திருநாமம் இவர்க்கு வாய்த்தது என்பதை மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் தெளிவித்தார்.

ஆழ்வார் வில்லிபுத்தூர்க்கு மீண்டு, பெற்ற பொன்னை எம்பெருமானுக்கே ஸமர்ப்பித்தார். அவ்வூர்ப் பெருங்கோபுரம் அந்தப் பொன்னைக் கொண்டு எழுந்தது என்பது ஐதிஹ்யம். பின்னர் அவர் நேரே நந்தவனத்திற்குச் சென்று முன்போல மண்வெட்டியை எடுத்தார்.

வில்லிபுத்தூரே ஆயர்பாடி

இதற்குப் பின் அருளியது 461 பாசுரங்களைக் கொண்ட பெரியாழ்வார் திருமொழி. திருப்பல்லாண்டோடு சேர்த்தால் ஆழ்வாருடைய திவ்யஸூக்தி 473. யானைமேல் இருந்தபோது பிறந்த தாயின் பரிவு இங்கே யசோதையின் பரிவாக வளர்ந்தது. பாகவதத்தில் கண்ணனுடைய சேஷ்டிதங்கள் உள்ளன. ஆனால் நாள்தோறும் ஒரு குழந்தையை வளர்ப்பதில் தாய் படும் பாடு தமிழ் இல்லங்களில்தான் கண்கூடாகக் கிடைத்தது. ஆழ்வார் அதை எடுத்துக்கொண்டார்.

கண்ணன் பிறந்த கொண்டாட்டத்தைப் பாடும்போது அவர் தேவதுந்துபியோடு நிற்கவில்லை. எண்ணெயும் மஞ்சட்பொடியும் எதிரெதிரே தூவி முற்றம் சேறானதைக் காட்டுகிறார். தொட்டிலில் இட்டால் கிழியும்படி உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பை முறிக்கிறான், தழுவினால் வயிற்றில் பாய்கிறான், தாங்கும் வலிமை இல்லாமல் மெலிந்தேன் என்று தாய் அயர்வதையும் அங்கேயே வைக்கிறார். கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் கேட்கும் வார்த்தை இது.

பிள்ளையைத் தொட்டிலிடும் நாளில் உற்றார் உறவினர் பரிசு கொணர்வது வழக்கம். ஆழ்வாருடைய தாலாட்டில் மாணிக்கமும் வயிரமும் பதித்த பொற்றொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். இந்திரன் கிண்கிணி தருகிறான். தேவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சீர் கொண்டுவரும் சுற்றத்தார் ஆகிவிடுகின்றனர்.

அம்புலியை அழைக்கும் பதிகத்தில் குழந்தைக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அவன் உறங்காவிட்டால் உண்ட பால் செரிக்காது. ஆகையால் சந்திரனே, விரைந்து வா என்பது யசோதையின் அவஸரம். ப்ரளயத்தில் உலகை உண்டு ஆலிலையில் துயின்றவனுக்குப் பால் செரிக்காதே என்னும் கவலை! ஆழ்வார் அந்தப் பெருமையை மறந்தவரல்லர். அவன் சிறுவன் என்று இகழாதே என்று அதே பதிகத்தில் சந்திரனுக்கு எச்சரிக்கையும் உண்டு.

செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை, முன்னே வந்து அணைத்தல், பின்னே வந்து புறம்புல்குதல், அப்பூச்சி காட்டிப் பயமுறுத்துதல் என்று குழந்தையின் வளர்ச்சி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதிகமாயிற்று. காது குத்தும் பதிகத்தில் திரியிட்ட காது வீங்குமோ என்னும் அச்சமும், மற்றப் பிள்ளைகளெல்லாம் காது பெருக்கித் திரிகிறார்களே என்னும் ஆதங்கமும் தாய்க்கு ஒருங்கே உண்டு. நீராட்டும் பதிகத்தில் எண்ணெயும் புளிப்பழமும் காத்திருக்கின்றன. இன்று உன் திருவோணம், அப்பம் சுட்டுவைத்திருக்கிறேன் என்று ஓடும் பிள்ளையை அவள் மடக்குகிறாள். தலை வார மறுக்கும் பிள்ளைக்காகக் காக்கையைக் கூவி அழைக்கிறாள். பூச்சூட்டும் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று பூக்கள் வரிசையாக வருகின்றன; பாடுபவர் பூ கொய்து பழகியவர் என்பதை அவ்வரிசையே சொல்லும். காப்பிடும் பதிகத்தில் அந்திவேளையில் மன்றில் நிற்காதே என்று திருவெள்ளறை எம்பெருமானை அவள் வீட்டுக்கு அழைக்கிறாள். இலட்டுவம், சீடை, எள்ளுருண்டை வைத்துவிட்டு அகம் நீங்கிய அயல்வீட்டுப் பெண், திரும்பிவந்து பார்த்து யசோதையிடம் முறையிடுவதும் உண்டு. குடையும் செருப்பும் கொடாமல் வெங்கானில் கன்று மேய்க்க அனுப்பிவிட்டேனே என்று யசோதை மாலை வரையில் வருந்தும் பதிகம் கேட்போர் நெஞ்சை உருக்கும்.

எளிய செய்திகள் என்று இவற்றைத் தள்ள முடியாது. யோகிகள் தியானத்தால் எட்டாத பரம்பொருளை, அடுப்பங்கரையிலும் முற்றத்திலும் நிற்கும் எந்தத் தாயும் எட்டலாம் என்பதே இவற்றின் உட்பொருள்.

பெயர் என்னும் பெருஞ்செல்வம்

ஊரார் வழக்கம் ஒன்று ஆழ்வாரை வருத்திற்று. சிறு காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டுச் செல்வர்களின் பெயரைப் பிள்ளைக்கு இடுவோர் இருந்தனர். ஒரு நாளில் எத்தனை முறை பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதை ஆழ்வார் எண்ணிப் பார்த்தார். அந்தப் பெயர் எம்பெருமானுடைய திருநாமமாக இருந்துவிட்டால், அழைப்பதெல்லாம் நாமஸங்கீர்த்தனம் ஆகிவிடுமே! பிள்ளைக்கு நாரணன் என்று பெயரிட்டவளுக்கு நரகம் இல்லை என்னும் கருத்தில் ஒரு பதிகமே அருளினார். தனியாக நேரம் ஒதுக்க இயலாத இல்லறத்தார்க்கு அவர் காட்டிய வழி இது.

துளசிவனத்தில் கிடைத்த செல்வம்

பாட்டில் தாயாக இருந்தவர்க்கு உண்மையிலேயே ஒரு மகள் கிடைத்தாள். ஆடிப்பூரத்தன்று நந்தவனத்துத் துளசியின் அடியில் கண்டெடுத்த பெண்மகவைக் கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். எம்பெருமானுக்குக் கட்டிவைத்த மாலையை அவள் தான் சூடி அழகு பார்த்துக் களைவதைக் கண்ட நாளில், ஆழ்வார் மகளைக் கடிந்து, அந்த மாலையை ஸமர்ப்பிக்காமல் விட்டார். மாலை தவறிய அந்நாள் அவர்க்குப் பெருந்துயரம். அன்றிரவு எம்பெருமான் கனவில் வந்து, கோதை சூடிய மாலையே தனக்கு உகப்பு என்றான். சூடிக்கொடுத்த நாச்சியாருடைய மாலை, புரட்டாசியில் திருமலை ப்ரஹ்மோத்ஸவ கருடஸேவைக்கும், சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதற்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்லும் வழக்கத்தை அன்பர்கள் அறிவர்.

மணப்பருவத்தில் கோதை மானிடர்க்கு வாழ்க்கைப்பட இசையவில்லை. திருவரங்கன் நியமனப்படி குடை, சாமரம் முதலிய விருதுகளோடு அவளைப் பல்லக்கில் அழைத்துச் சென்றனர். கர்ப்பக்ருஹத்தில் புகுந்தவள் அரங்கனோடு கலந்தாள். எம்பெருமானுக்கு மாமனார் என்னும் பேறு ஆழ்வார்க்குக் கிடைத்தது. ஆயினும் திரும்பி வந்தது மகள் இல்லாத திருமாளிகைக்கு.

மகளைப் பிரிந்த தாயின் புலம்பலாக ஒரு பதிகம் திருமொழியில் உண்டு. ஒரே மகளை வளர்த்தவள், அவளைத் திருமால் கொண்டுபோன பின், புக்ககத்தில் அவளைச் சீராட்டுவார்களோ, மணச்சடங்குகளை முறைப்படி செய்வார்களோ, விடியுமுன் எழுந்து தயிர் கடைய அவளால் முடியுமோ என்று ஏங்குகிறாள். அதைக் கேட்போர்க்குக் கோதையைப் பிரிந்த ஆழ்வாரே கண்முன் தோன்றுவார். வைகுண்டநாதனுக்கே பெண்ணைக் கொடுத்தபோதும், அவள் கை நோகுமே என்று தவிக்கும் நெஞ்சம் அது. மாப்பிள்ளை பரம்பொருள் என்பதால் பெற்றவர் கவலை தீர்ந்துவிடுவதில்லை. இந்த உண்மையை மறைக்காமல் பாடியதனால் அன்றோ, மகளைக் கட்டிக்கொடுத்த ஒவ்வொரு வீட்டாரும் அப்பதிகத்தைத் தம்முடையதாகக் கொள்கின்றனர்.

சோலைமலையில் நிறைவு

திருவரங்கத்தைப் பாடும்போது ஆழ்வார் ஒரு விண்ணப்பம் செய்தார். அந்திமகாலத்தில் உடல் தளர்ந்து நினைவு தவறினால் உன்னை நினைக்க இயலாது. ஆகையால் நினைவு உள்ள இப்போதே சொல்லிவைத்தேன் என்பது அதன் கருத்து. இரவுக்குப் பகலிலும் முதுமைக்கு இளமையிலும் தேடவேண்டும் என்று திண்ணையில் படுத்திருந்த யாத்ரிகர் பாண்டியனுக்குச் சொன்ன வார்த்தையை, ஆழ்வார் தம் வாழ்விலேயே நடத்திக் காட்டினார்.

இறுதியில் ஆழ்வார் திருமாலிருஞ்சோலையை அடைந்து, அழகருக்கு மங்களாசாஸனம் செய்துகொண்டிருந்து, அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவருடைய திருவரசு அழகர்கோயிலில் உள்ளது. அழகரை ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் அதனையும் ஸேவித்து வருதல் தகும்.

ஆழ்வார் பாடிய முறை பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் ப்ரபந்த வகைக்கு வித்தாயிற்று. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கசோழன்மீதும், 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாக்ஷியம்மைமீதும் பிள்ளைத்தமிழ் பாடினர். பெரியவாச்சான் பிள்ளை இத்திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாளமாமுனிகள் (1370–1443) எந்தச் சொல்வரையில் அழிந்ததோ அந்தச் சொல்வரையில் மட்டும் புதிதாக உரை அருளி, எஞ்சியதை முன்னோருடையதாகவே நிறுத்தினார். ஆழ்வார் வாக்கைப் பெரியோர் எவ்வளவு பரிவோடு காத்தனர் என்பதற்கு இதுவே சான்று.

ஆழ்வாருடைய வைபவத்தைக் கேட்டவர்க்கு ஒன்று நிச்சயமாகும். எம்பெருமானைப் பாடவும் நினைக்கவும் அரிய பொருளும் தனித்த இடமும் வேண்டுவதில்லை. திருநாள் ஸேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், பேரப்பிள்ளையின் தொட்டிலை ஆட்டும்போதும், வாசற்செடிக்கு நீர் ஊற்றும்போதும், பிள்ளையைப் பெயர் சொல்லி உண்ண அழைக்கும்போதும் பட்டர்பிரானை ஒரு கணம் நினைத்தால், அந்தக் காரியமே கைங்கர்யமாகிவிடும்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.